முத்திரை கடைசியில்

சுவிட்சர்லாந்தின் ஆயுதச் சட்டம் பட்டாம்பூச்சிக் கத்தியை ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டு பிடிகளும் சுழன்று விரிந்து அலகை வெளியே நீட்டும் பாலிசாங் அங்கே சந்தை மேசைக்கு வர முடியாது. அதே சட்டம் சற்றுத் தள்ளி இன்னொரு கத்தியைப் பெயர் சொல்லியே விடுவிக்கிறது: சுவிஸ் ராணுவப் பேனாக்கத்தியும் அதை ஒத்தவையும் ஆபத்தான பொருட்களாகக் கருதப்பட மாட்டா. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்த பேனாக்கத்தி வேறெங்கும் இருக்கிறதா, தெரியவில்லை. சூரிச் ஏரிக்கரையில், பூர்க்லிப்ளாட்ஸ் திடலில், மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு பெண்மணி மேசை போட்டு அமர்ந்திருப்பது அந்த விலக்கின் தயவால்தான்.

வார நாட்களில் அவர் சாணை பிடிப்பவர். சமையற்கட்டுக் கத்தி, தையல்காரரின் கத்தரிக்கோல், முடிதிருத்துபவரின் சவரக்கத்தி எல்லாம் அவர் கைக்கு வரும். சனிக்கிழமை மட்டும் பேனாக்கத்திகள். மேசையில் கம்பளித் துணி விரித்து, அதன்மேல் வரிசையாக அடுக்கியிருப்பார். சிவப்பு, வெள்ளி நிறம், கறுப்பு. எல்லாவற்றிலும் ஒரு சிலுவை. முதல்முறை பார்ப்பவருக்கு அத்தனையும் ஒரே கத்திதான். இரண்டு கத்திகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று சில்லறைக் காசு பெறும், மற்றது ஒரு வாரச் சம்பளம் பெறும். எது எது என்று சொல்வதுதான் அவருடைய தொழில்.

சரக்குக்குப் பஞ்சமே இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆண்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். பயிற்சிக்குப் போகிறவருக்கு ஒரு கத்தி கொடுப்பார்கள். அது பெரும்பாலும் வீட்டோடேயே தங்கிவிடும். தாத்தா கத்தி, அப்பா கத்தி, மாமா கத்தி என்று ஒரே இழுப்பறையில் மூன்று தலைமுறை கிடக்கும். வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியோடு தூக்கி ‘ப்ரோக்கி’யில் போட்டுவிடுவார்கள். பழைய பொருட்களை வாங்கி விற்கும் கடைகளுக்கு அங்கே அதுதான் செல்லப் பெயர். அந்தப் பெட்டிகளைக் கிளறித்தான் இவர் கற்றுக்கொண்டார்.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் கத்தியை எடுத்ததும் அலகைத் திறப்பார்கள், அலகின் அடியில் பொறித்திருக்கும் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் படிப்பார்கள், கையேட்டைப் புரட்டுவார்கள். இவர் முத்திரையைக் கடைசியில்தான் பார்ப்பார். காரணம் எளிது. முத்திரை இருப்பது ஒரே ஓர் உறுப்பில். ஒரு கத்தியைப் பிரித்து அலகை மாற்றுவது அவரே செய்யத் தெரிந்த வேலை. அவரால் முடிந்தால் மற்றவராலும் முடியும். பிடி, தகடு, வில், திருப்புளி, டின் திறப்பான் எல்லாம் ஒரே கதையைச் சொன்ன பிறகு முத்திரையும் அதையே சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

முதலில் எடை. கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கிக்கொள்வார். ராணுவத்தின் முதல் கத்தி, 1890 மாதிரி, 100 மி.மீ. நீளமும் 144 கிராம் எடையும் கொண்டது. கறுப்பேறிய ஓக் மரப் பிடி. ஓர் அலகு, ஒரு துளைக்கும் குத்தூசி, ஒரு டின் திறப்பான், ஒரு திருப்புளி, அவ்வளவுதான். படைவீரன் புதிதாக வந்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட வேண்டும், டின்னில் அடைத்த சோற்றையும் திறந்து தின்ன வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கருவி. மரப் பிடி அடிபட்டுப் பிளந்தது. 1908 மாதிரியில் மரம் போய் நார்ப்பலகை வந்தது. நீளம் அதேதான், எடை 125 கிராம். 1951இல் 93 மி.மீ., 90 கிராம். 1961இல் அதே 93 மி.மீ., ஆனால் அலுமினியப் பிடியால் 72 கிராம்தான். முதல் கத்தியில் பாதி. எழுபது ஆண்டுகளாக இளைத்துக்கொண்டே வந்த கத்தி 2008 மாதிரியில் சட்டென்று 111 மி.மீ., 131 கிராம் என்று சதை போட்டுவிட்டது.

அவர் தராசு வைத்திருக்கிறார். ஆனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால்தான் அதை வெளியே எடுப்பார்.

அடுத்தது துரு. இதை அவர் சொல்லும்போது கொஞ்சம் கண்ணடிப்பார். ஈபாக் ஊரில் எல்செனர் குடும்பம் நடத்திய தொழிற்சாலை 1921இலிருந்தே துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தியது. விக்டோரினாக்ஸ் என்ற பெயரே அப்போது வந்ததுதான்: பட்டறையைத் தொடங்கியவரின் தாயார், 1909இல் காலமான விக்டோரியாவின் பெயரோடு துருவேறா எஃகின் ‘இனாக்ஸ்’ சேர்ந்தது. ஆனால் ராணுவம் அவசரப்படவில்லை. படைவீரனின் கத்தி 1951 மாதிரி வரும்வரை கரி எஃகிலேயே ஓடியது. ஆக, கடைகளில் பொதுமக்கள் பளபளக்கும் கத்தி வாங்கிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளும் படைவீரன் தன் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். 1908 மாதிரி என்று ஒருவர் நீட்டும் கத்தியின் அலகு நேற்றுச் செய்ததுபோல வெள்ளையாக இருந்தால், இரண்டில் ஒன்று: யாரோ பாலீஷ் போட்டுக் கெடுத்திருக்கிறார்கள், அல்லது அலகு வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. நல்ல பழைய கரி எஃகு சாம்பலும் நீலமும் கலந்து மங்கியிருக்கும். அந்த மங்கலைத் தேய்த்து எடுத்தவர் பாதி விலையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்.

முதல் சுவிஸ் ராணுவக் கத்தி சுவிட்சர்லாந்தில் செய்யப்படவில்லை என்று இவர் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். அன்றைக்கு அத்தனை கத்திகளைச் சேர்த்துச் செய்து தரும் திராணி எந்த சுவிஸ் பட்டறைக்கும் இல்லை. முதல் 15,000 கத்திகளும் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து, வெஸ்டர் கம்பெனியிடமிருந்து வந்தன. 1884இல் ஈபாக்கில் பட்டறை திறந்திருந்த கார்ல் எல்செனருக்கு இது உறுத்தியது. நாட்டிலிருந்த கத்திக் கொல்லர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து 1891இல் ராணுவத்துக்குத் தாமே கொடுக்கத் தொடங்கினார். சோலிங்கன்காரர்கள் இயந்திரத்தில் செய்து மலிவாக விற்றார்கள். கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, எல்செனர் திவாலாகும் விளிம்புக்கே போனார். உறவினர்கள் கைகொடுத்ததால் தப்பித்தார். இந்தக் கதை எல்லா விளம்பர ஏட்டிலும் இருக்கிறது. சந்தையில் அதற்கு வேறொரு பொருள்: 1890 மாதிரிக் கத்தியில் சோலிங்கன் என்று பொறித்திருந்தால் போலி என்று தூக்கி எறியக் கூடாது. அதற்குத்தான் விலை அதிகம்.

ஒரே மாதிரியை இரண்டு கம்பெனிகள் செய்ததால்தான் மீதிக் குழப்பமெல்லாம். ஜெர்மன் பேசும் ஷ்வீட்ஸ் பகுதியில் எல்செனர். பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில், டெலெமோன் ஊரில், வெங்கர். 1908இலிருந்து அரசாங்கம் இருவருக்கும் ஆர்டரைப் பிரித்துக் கொடுத்தது. வாய்க்கால் தகராறில் இரு ஊருக்கும் சரிபாதித் தண்ணீர் விடுகிற மணியகாரர் சமாதானம் அது. படைவீரனுக்குக் கையில் கிடைப்பது எந்த ஊர்க் கத்தி என்ற கவலை இல்லை. சேகரிப்பவருக்கு அதுதான் முதல் கவலை.

இங்கேதான் அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு காலித் தகரத்தை எடுப்பார். முத்திரை தேய்ந்துபோன சிவப்புக் கத்தி ஒன்றை நீட்டி, “திறந்து பாருங்கள்” என்பார். விக்டோரினாக்ஸின் டின் திறப்பான் விளிம்பில் கொக்கி மாட்டி முன்னோக்கித் தள்ளித் தள்ளி வெட்டும். அதன் நுனியில் சிறு திருப்புளி இருக்கும். வெங்கரின் திறப்பான் பின்னோக்கி இழுத்து வெட்டும். பழகிய கை தானாகவே ஒரு திசையில் போகும். கத்தி ஒத்துழைக்கவில்லையென்றால் அது மற்ற ஊர்க் கத்தி. கத்தரிக்கோல் இருக்கும் கத்தியென்றால் இன்னும் எளிது. விக்டோரினாக்ஸ் கத்தரிக்கு நடுவே தனியாக ஒரு சிறு வில் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் முதலில் ஒடிகிறதும்கூட. வெங்கரின் கத்தரிக்கு அந்த வில் கிடையாது. வெட்டும் விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், தாள் வழுக்காது. மூடிய கத்தியைப் பார்த்தே சொல்ல வேண்டுமென்றால் சிலுவையைச் சுற்றியிருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். கேடயம் என்றால் விக்டோரினாக்ஸ், முனை மழுங்கிய சதுரம் என்றால் வெங்கர். அளவுகோல் இருந்தால் அதுவும் சொல்லும்: வெங்கரின் வழக்கமான உடல் 85 மி.மீ.; விக்டோரினாக்ஸ் அதிகாரிக் கத்தி 91, அதன் தம்பி 84. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

அதிகாரிக் கத்தி என்றதும் ஒரு பாட்டனார் கதை வரும். விற்க வருகிறவர்களில் பலர், “தாத்தா ராணுவத்தில் அதிகாரி, இது அவருக்குக் கொடுத்தது” என்றுதான் தொடங்குவார்கள். அலகின் ஒரு பக்கத்தில் ‘ஒஃபீசியே சுவிஸ்’ என்று பிரெஞ்சில் பொறித்தும் இருக்கும். சிவப்புப் பிடி, சிறு அலகு, கார்க் திருகி எல்லாம் கொண்ட அந்தக் கத்தியை எல்செனர் 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். ராணுவம் அதை ஒருபோதும் வழங்கவில்லை. ஒயின் புட்டி திறப்பது போர்க்கடமையில் சேராது என்று நினைத்திருக்கலாம். வேண்டிய அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் வாங்கி ஊருக்குக் கொண்டுபோய் ‘சுவிஸ் ஆர்மி’ கத்தி என்று பெயர் பரப்பியது இதைத்தான். உலகம் ராணுவக் கத்தி என்று நினைப்பது ராணுவத்தின் கத்தி இல்லை. ராணுவத்தின் கத்தியோ உலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தாத்தா அதிகாரியாகவே இருந்திருக்கலாம். கத்தி அதற்குச் சாட்சி சொல்லாது. பெண்மணி இதைச் சொல்வதில்லை. விலையை மட்டும் சொல்வார்.

அவருக்கு மிகவும் பிடித்த வேலை 1961 மாதிரியைப் பிரித்தறிவது. சேகரிப்பவர்களின் பணமும் அங்கேதான் புரள்கிறது. அலுமினியத்தில் சொரசொரப்பான கட்டம் பொறித்துச் சாயமேற்றிய பிடி இந்த மாதிரியில் வந்தது. தொழிலில் அதை ‘அலோக்ஸ்’ என்பார்கள். வெள்ளி நிறத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆனால் 1961 முதல் 1964 வரை செய்தவை சிவப்பு. 1965இல் வெள்ளிக்கு மாறினார்கள். அந்த நிறமே 2008 மாதிரி வரும்வரை ஓடியது. நாலே ஆண்டுச் சரக்கு என்பதால் சிவப்புக்கு மவுசு. அலகின் அடியில் 61, 62, 63, 64 என்று கடைசி இரண்டு எண்கள் இருக்கும். எண்ணைப் பார், நிறத்தைப் பார், பணத்தைக் கொடு என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

முடியாது. அதே சொரசொரப்பு, அதே நீளம், அதே நான்கு உறுப்புகளோடு ‘பயனியர்’ என்று கடையில் விற்ற சிவப்புக் கத்தி இருக்கிறது. அதன் சிவப்புத் தகடுகளைக் கழற்றி, 62 என்று பொறித்த அலகோடு சேர்த்து, அரிய படைவீரர் கத்தி என்று விற்க முயன்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர் பார்க்கும் இடங்கள் இவை: பிடியிலிருக்கும் சிலுவை நாட்டின் கேடயமா, கம்பெனியின் கரையிட்ட கேடயமா? வால்பக்கத்தில் சாவி வளையம் மாட்டும் காது இருக்கிறதா? படைவீரன் கத்திக்கு அது கிடையாது, பயனியருக்கு உண்டு. காதை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அறுத்த இடத்தில் அரத்தின் கோடு இருக்கும், அல்லது இல்லாதிருக்க வேண்டிய பளபளப்பு இருக்கும். பிடியின் தேய்மானமும் பேசும். பையில் கிடந்த கத்தியின் ஓரங்களில்தான் சிவப்பு முதலில் போகும், பள்ளங்களில் நிற்கும். ஓரமும் பள்ளமும் ஒன்றுபோலச் சிவந்திருந்தால் சாயம் பிறகு ஏறியது. அலகு சாணையில் மெலிந்து, பிடி மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாக வாழவில்லை என்று பொருள்.

நடுவில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. அதைக் கவனிப்பவர் குறைவு. திருப்புளியையும் குத்தூசியையும் ஒரே நேரத்தில் விரித்தால், அந்தத் தகட்டின் துணையோடு, துப்பாக்கியின் பூட்டைப் பூட்டும்போது சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தலாம். 57 மாதிரித் துப்பாக்கிக்கும் பிறகு வந்த 90 மாதிரிக்கும் அது பயன்பட்டது. இன்று சேகரிப்பவர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் கத்திக்குள் துப்பாக்கி பூட்டும் வேலை ஒன்று மறைந்திருக்கிறது என்பது இவருக்கு அலுக்காத விஷயம். யார் கேட்டாலும் விரித்துக் காட்டுவார், கேட்காவிட்டாலும்.

காதும் மூக்கும் வேலை செய்யும். நல்ல வில் உள்ள அலகு மூடும்போது சுருக்கென்று ஒரு சத்தம் போடும். இரண்டு உறுப்புகள் ஒரே வில்லில் இயங்கும்போது சத்தம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மந்தமாக விழுந்தால் உள்ளே அழுக்கு, அல்லது மாற்று உறுப்பு. கடைக் கத்திகளின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி செலிடோர் என்ற செல்லுலோஸ் வகை. மூடிய டப்பாவில் பல காலம் கிடந்தால் அதிலிருந்து கெட்டுப்போன வெண்ணெய் வாடை எழும். அந்த வேதிப்பொருளுக்கு உறவுக்கார அமிலம்தான் கெட்ட வெண்ணெயிலும் இருக்கிறது. மோந்து பார்த்து முகத்தைச் சுளிக்கும் வாடிக்கையாளருக்கு அது அசல் என்று சொன்னால் நம்ப மாட்டார். மலிவுப் போலிகளின் பிடிக்கு இந்த வாடை வராது.

ஒரு சனிக்கிழமை தமிழ்க் குடும்பம் ஒன்று மேசைக்கு வந்தது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் இன்று சுவிஸ் குடிமக்கள். குடிமகன் என்றால் பையன்களுக்கு ராணுவப் பயிற்சியும் உண்டு. பையன் தன் 2008 மாதிரிக் கத்தியைப் பையிலிருந்து எடுத்துக் கட்டைவிரலால் ஒரே தள்ளில் திறந்து காட்டினான். பச்சையும் கறுப்புமான பிடி, அலகில் பல் வெட்டு, திறந்ததும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு. 2009 ஜனவரியிலிருந்து படையில் சேர்ந்தவர்களுக்குக் கொடுப்பது இதைத்தான். தகப்பன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புக் கத்தியை எடுத்தார். உணவகச் சமையற்கட்டில் வேலை செய்த காலத்து முதலாளி கொடுத்ததாம்.

“அப்பா, உங்கட கத்தி ஆமிக் கத்தி இல்லை.”

“ஏன் மோனை, சிலுவை போட்டிருக்குத்தானே?”

“சிலுவை எல்லாத்திலயும் போடுவாங்கள்.”

பெண்மணிக்கு மொழி புரியவில்லை, விவகாரம் புரிந்துவிட்டது. கத்தியை வாங்கிக் கத்தரியை விரித்தார். நடுவில் வில் இல்லை. சிலுவையைச் சுற்றி மழுங்கிய சதுரம். அளவுகோலை வைத்தார், 85. “டெலெமோன்” என்றார், பையனிடம் திருப்பிக் கொடுக்காமல் தகப்பனிடமே கொடுத்தார். விலை கேட்டபோது, விற்கிற அளவுக்கு அதற்கு விலை வராது என்றும் வைத்துக்கொள்வதே லாபம் என்றும் சொன்னார். வியாபாரிக்கு இது நஷ்டமான பேச்சுதான்.

வெங்கர் பெயரில் இப்போது கத்தி வருவதில்லை என்பதால் வெங்கர் கத்திகளுக்கெல்லாம் விலை ஏறிவிடும் என்று பலர் பதுக்கி வைத்தார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் பேனாக்கத்தி கொண்டுபோகத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை விழுந்தது. 2005இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. சில காலம் இரண்டு பெயரும் ஓடின. 2013இல் வெங்கர் கத்திகளை விக்டோரினாக்ஸோடு இணைப்பதாக அறிவித்தார்கள். பதுக்கியவர்களுக்கு இவர் சொல்வது: லட்சக்கணக்கில் செய்த சாதாரணக் கத்தி, பெயர் நின்றுபோனதால் மட்டும் அரிதாகிவிடாது. படைவீரர் கத்திகளில் வெங்கர் செய்தவற்றைத் தனியாகத் தேடுபவர்கள் உண்டு. அது வேறு கணக்கு.

தலைவலி அத்தோடு முடியவில்லை. டெலெமோன் தொழிற்சாலை மூடப்படாமல் விக்டோரினாக்ஸின் பெயரில் தொடர்ந்தது. வெங்கர் பாணி 85 மி.மீ. உடலும் வளைந்த பிடியும் கொண்ட கத்திகள் ‘டெலெமோன் வரிசை’ என்று வெளிவந்தன. பிடியில் விக்டோரினாக்ஸ் கேடயம், கையில் எடுத்தால் வெங்கரின் உருவம். ப்ரோக்கிப் பெட்டிகளில் அவையும் இப்போது வரத் தொடங்கிவிட்டன. முத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் ஒன்று சொல்கிறார்கள், அளவுகோலிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு அவர் அவற்றுக்கென்று கம்பளித் துணியில் ஒரு புது வரிசை போட்டிருக்கிறார். வெங்கர் வரிசைக்கும் விக்டோரினாக்ஸ் வரிசைக்கும் நடுவில்.